வாசகர் கேள்வி: வானத்தைப் பார்க்கலாமா?

கேள்வி: திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து 2026 ஆகஸ்ட் 12 சூரிய கிரகணமும், விண்கல் மழையும் தெரியுமா? பழைய எக்ஸ்ரே பிலிம் போதுமா?

பதில்: கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயினில் முழுமையாகத் தெரியும் அந்தக் கிரகணத்தின்போது நமக்கு இரவாகிவிடுவதால் பார்க்க வழியில்லை. 2027 ஆகஸ்ட் 2 மாலையில் பகுதிக் கிரகணம் கிடைக்கும். அதற்கு எக்ஸ்ரே பிலிமோ கூலிங் கிளாஸோ வேண்டவே வேண்டாம். கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை அவை தடுக்காமல் விட்டுவிடுவதாலும், விழித்திரைக்கு வலியை உணரும் திறன் இல்லாததாலும், சேதம் பிறகுதான் தெரியவரும். அட்டையில் ஊசித்துளையிட்டு, அதன் வழியே தரையில் விழும் சூரியனின் பிம்பத்தைப் பாருங்கள்.

விண்கல் மழை என்றால், டிசம்பர் 14 அதிகாலை வரும் ஜெமினிட் எனப்படும் விண்கல் மழைக்கு 2026 நல்ல ஆண்டு, ஏனெனில் வளர்பிறை நிலா முன்னிரவிலேயே மறைந்துவிடும். ஆனால், துறைமுக விளக்குகள் உங்களைப் படுத்தும்; அவற்றுக்கு முதுகு காட்டி, கைப்பேசியைத் தொடாமல் 20 நிமிடம் கண்களைப் பழக்குங்கள். (மேகம் வந்தால் யாரும் பொறுப்பல்ல!)