கிறுக்கல் நோட்டு: வாசகர் கேள்வியும் டீச்சர் பதிலும்

டீச்சர், ஆசை ஆசையாக ஸ்கெட்ச் நோட்டு வாங்குகிறேன். கெட்டி அட்டை, கனமான பேப்பர். முதல் பக்கத்தில் ஒரு பூ வரைந்ததோடு சரி. அடுத்த பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று மூடி வைத்துவிடுகிறேன். அலமாரியில் நோட்டுதான் சேர்ந்துகொண்டே போகிறது.
– வாசகி, தேவகோட்டை

உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே கெட்டுப்போன நோட்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே தேடினால் சில சமயம் பழைய கணக்கு நோட்டு அகப்படும். வரவு, பற்று என்று யாரோ மை தொட்டு எழுதி நிரப்பியிருப்பார்கள். ஒன்றை வாங்கி நடுப்பக்கத்தில் ஆரம்பியுங்கள். வெள்ளைத் தாளைக் கண்டால் வருகிற நடுக்கம், எழுதின தாளைக் கண்டால் வராது. பிடித்த வரிகளை விட்டுவிட்டு மீதியின்மேல் வெள்ளை போஸ்டர் கலரை மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்ததும் பேனாவால் வரையுங்கள். கீழேயிருந்து யாரோ வாங்கிய அரிசி மூட்டைக் கணக்கு எட்டிப் பார்க்கும். பார்க்கட்டும்.

இது ஏதோ மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1963 வாக்கில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பாருங்கள். படிக்க முடியாத கிறுக்கெழுத்து, எண்கள், ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், நடுவே பறவையும் மீனும். கணக்குப் பிள்ளையின் நோட்டுக்கு உயிர் வந்தது போலத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் தாளில் கை வைக்கும்முன் பெரியவர்களைக் கேளுங்கள். பர்மா, மலேயாவில் நம் முன்னோர் நடத்திய கொடுக்கல் வாங்கல் கணக்காக இருந்தால் அசலைத் தொடவே வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்து அதில் விளையாடுங்கள். கடை ஜெராக்ஸ் தண்ணீர் பட்டால் கரையாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் பெரும்பாலும் கரைந்து ஒழுகும். அதுவும் ஒரு அழகுதான், ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

டீச்சர், வேலைக்குப் போய் வந்து பிள்ளைகளையும் படிக்கவைத்துவிட்டு எங்கே வரைய? நேரம் சொல்லுங்கள்.
– வாசகி, காரைக்குடி

நேரம் நான் தர முடியாது, இடம் சொல்கிறேன். ஒரு ஓலைக் கொட்டானில் பேனா, நாலைந்து கிரேயான், கத்தரிக்கோல், ஒட்டுகிற குச்சி, சின்ன நோட்டு, அவ்வளவையும் போட்டு நீங்கள் தினம் உட்காருகிற இடத்தில் வையுங்கள். பீரோவுக்குள் போனால் போச்சு. குக்கர் விசில் வருவதற்குள் எதிரே இருக்கும் வெங்காயத்தை வரையலாம். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது அதன் கையை வரையலாம். அசைந்துகொண்டே இருக்கும், அதனால் கோடும் பயமில்லாமல் வரும்.

அச்சு இயந்திரம் இல்லாமல் வீட்டிலேயே பிரிண்ட் எடுக்க வழி உண்டா?
– கல்லூரி மாணவர், ஆத்தங்குடி

தம்பி, ஆத்தங்குடியில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பக்கத்துப் பட்டறையில் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூவேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்கிவிடுவார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு மட்டம் செய்வார்கள். ஊற்றுகிறவருக்குத் தெரிவது கல்லின் முதுகு. முகம் கண்ணாடிப் பக்கம் இருக்கிறது. தண்ணீரில் ஊறி, கண்ணாடியை விட்டுப் பிரிந்து வரும்போதுதான் பூ தெரியும். அந்தப் பளபளப்பும் கண்ணாடி கொடுத்தது.

இதையே தாளில் செய்யலாம். மோனோடைப் என்பார்கள். பழைய போட்டோ சட்டத்துக் கண்ணாடியை எடுத்து, கை வெட்டாமல் ஓரத்தில் டேப் சுற்றுங்கள். கண்ணாடியில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஒரு விரல் தடவிக் காயவிடுங்கள். அதன்மேல் வாட்டர் கலரைக் கெட்டியாகப் பூசி, தீக்குச்சியின் பின்முனையால் சுரண்டி வரையுங்கள். பஞ்சால் ஒற்றியெடுத்தால் மேகம், சீப்பால் இழுத்தால் தென்னங்கீற்று. வண்ணம் காய்ந்துபோனாலும் கவலையில்லை. தாளைத் தண்ணீரில் நனைத்து, துண்டால் ஒற்றி, ஈரப்பதமாக மேலே வைத்து, குழிக்கரண்டியின் முதுகால் எல்லாப் பக்கமும் அழுத்தித் தேயுங்கள். ஓரத்தைப் பிடித்து மெல்ல உரியுங்கள்.

படம் இடம் வலம் மாறித்தான் வரும், எழுத்து இருந்தால் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கை இதற்கு எடுக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இரண்டு கோடு போடுவதற்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். முதல் பிரிண்ட் எடுத்தபின் கண்ணாடியில் மங்கலாக மீதம் இருக்கும், அதன்மேல் இன்னொரு தாளை வையுங்கள். எனக்கு எப்போதும் அந்த இரண்டாவது, வெளிறிய பிரிண்ட்தான் பிடிக்கும். அதன்மேல் பேனாவோ கிரேயானோ ஓட்டினால் பாதி வேலை தானாகவே முடிந்திருக்கும்.

சமையலறைச் சாமான்களைக் கொண்டே வண்ணம் செய்து பிள்ளைகளோடு விளையாடலாமா?
– வாசகி, புதுவயல்

தாராளமாக. மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் தூரிகையைத் தொட்டு அதன்மேல் கோடு போட்டால் செக்கச் செவேல் என்று வரும். ஆலத்தித் தட்டில் பார்க்கிற அதே சிவப்பு. எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சள். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா ஓடும், அதில் எலுமிச்சை விட்டால் ரோஜா நிறம். சுண்ணாம்பைப் பெரியவர்கள் தொடட்டும், பிள்ளைகள் கண்ணில் தேய்த்துக்கொள்வார்கள். இந்த வண்ணம் எதுவும் நிற்காது. மஞ்சளோ வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். சட்டம் போட்டு மாட்ட நினைக்காமல், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

எங்கள் ஐயா வீட்டு உள்ளழகை வரைய உட்கார்ந்தால் தூண்களெல்லாம் சாய்ந்து விழுகின்றன. பெர்ஸ்பெக்டிவ் வரவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், பள்ளத்தூர்

தூண்களை விடுங்கள், வாசல்களைப் பிடியுங்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு தாண்டிப் பின்கட்டு வரை வாசல் நிலைகள் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். முதலில் பெரிய நிலையைத் தாளை நிரப்பி வரையுங்கள். அதற்குள் அடுத்த நிலை, அதற்குள் அடுத்தது. நின்று பார்த்தால் தூரத்து நிலைகளின் அடிப்படி உங்கள் கண் மட்டத்தை நோக்கி ஏறி வரும், மேல்சட்டம் இறங்கி வரும். தரையில் உட்கார்ந்து பாருங்கள், கண் மட்டம் இறங்கிவிடும். அடிப்படிகள் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்ளும், மேல்சட்டங்கள் சரசரவென்று கீழே வரும். இதைப் பிடித்துக்கொண்டால் ஸ்கேல் வேண்டாம். அப்புறம் வளவில் விழும் வெயில் கட்டத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் காபி டிகாஷனால் பூசிவிடுங்கள். தூண் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"பொழுதன்னைக்கும் ஒட்டிக்கிட்டும் கிறுக்கிக்கிட்டும் இருக்கியே, வித்தா நாலு காசு வருமுல்ல" என்று மாமியார் கேட்கிறாக. இன்ஸ்டாகிராமில் போட்டு விற்கட்டுமா?
– வாசகி, கோட்டையூர்

விற்பது தப்பில்லை. ஆனால் விற்கிற நோட்டும் விளையாடுகிற நோட்டும் வேறு வேறாக இருக்கட்டும். ஆர்டர் வந்த பிறகு கை தானாகவே போன வாரம் பாராட்டு வாங்கிய பூவையே திரும்ப வரையும். அந்த ஆபத்து எனக்குத் தெரிந்த நல்ல கைகளையெல்லாம் பிடித்திருக்கிறது. விளையாட்டு நோட்டை யாருக்கும் காட்டாதீர்கள், இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்துத்தான். மாமியாருக்கு என்ன சொல்வதென்றால்... அவுகளையே உட்காரவைத்து, பழைய கண்டாங்கிச் சேலைத் துணியைக் கத்தரித்துத் தாளில் ஒட்டச் சொல்லுங்கள். கட்டம் கட்டமாக இருக்கும், கத்தரிக்க எளிது. அடுத்த வாரம் கொட்டானை அவுக பக்கத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

மைதாப் பசையால் ஒட்டிய பக்கங்களைப் பூச்சி அரித்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், கண்டனூர்

மாவுப் பசை பூச்சிக்கு விருந்து. பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது அதனால்தான், ஆனால் அது விஷம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். ஃபெவிகாலில் சிறிது தண்ணீர் விட்டுத் தூரிகையால் பூசி ஒட்டுங்கள். நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி நீவினால் சுருக்கம் விழாது. மேலே பிளாஸ்டிக் தாள் வைத்து, அம்மிக் குழவியை ஏற்றி ராத்திரி விட்டுவிடுங்கள். அரித்த பக்கங்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஓட்டை வழியே அடுத்த பக்கம் தெரிகிற மாதிரி வரையலாம். முதலில் உதறி, ஒரு நாள் வெயிலில் வைத்து எடுங்கள்.

ஆயில் பேஸ்டல் மேல் அக்ரிலிக் பூசினேன், உரிந்து வருகிறது.
– மாணவி, திருப்பத்தூர்

எண்ணெய்ப் பசையின்மேல் அக்ரிலிக் நிற்காது. அடுத்த முறை அக்ரிலிக்கை முதலில் பூசி, நன்றாகக் காயவிட்டு, பேஸ்டலை மேலே தேயுங்கள். இப்போது உரிந்ததை முழுக்க உரித்துவிட்டு, அடியில் என்ன வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.