அந்த லேபிள் இல்லாத டின்னைத் தொறக்காதீங்க தம்பி

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, தடைக்காலத்துல விசைப்படகைக் கரையேத்தி பெயின்ட் அடிக்கப் போறாராம், புரோக்கர் ஒருத்தர் லேபிள் இல்லாத டின்னைக் காட்டி "கப்பலுக்கு அடிக்கிறதுண்ணே, ரெண்டு வருஷத்துக்கு ஒரு கொட்டலசு (படகு அடியில ஒட்டி வளர்ற ஓட்டு உயிரி) ஒட்டாது"ன்னு பாதி விலைக்குத் தர்றாராம், வாங்கலாமா, பாருக்கு, அதான் கடலுக்கடியில உள்ள பவளப்பாறைக்கு, ஏதும் ஆகுமான்னு.

வாங்காதீங்க. படகோட அடியில அடிக்கிறது வெறும் கலர் இல்ல, அதுல உள்ள மருந்து கொஞ்சம் கொஞ்சமா தண்ணில கரைஞ்சுக்கிட்டே இருக்கும், அதனாலதான் பாசியும் கொட்டலசும் ஒட்டாது. இப்ப அது பெரும்பாலும் தாமிரம். லிட்டருக்கு சில பத்து மைக்ரோகிராம் கலந்தாலே பவளத்தோட முட்டை கருக்கட்டுறது கெட்டுப்போகும். முன்னாடி டிபிடின்னு வெள்ளீய மருந்து ஒண்ணு இருந்துச்சு, அதுபட்ட பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைச்சு முட்டை போட வழியில்லாம போச்சு, சங்கும் நத்தை சாதிதான், சங்கு குளிக்கிற ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல நான் வெளக்கணுமா? 2008ல அதுக்கு சர்வதேச தடை அமலுக்கு வந்துச்சு. பவளத்துக்குள்ள இருக்கிற பாசியைக் கெடுக்கிற சைபுட்ரின்ங்கிற இன்னொரு பெயின்ட் மருந்துக்கு 2023ல தடை.

லேபிள் இல்லாத டின்னுக்குள்ள என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. மண்டபம் பக்கம் ஒரு டின்னைத் தொறந்து கம்பை விட்டேன், அடியில செங்கல்லு மாதிரி கெட்டி, கம்பு எறங்கல, மேல நிக்கிறது பூரா தின்னர். தாமிரம் கனம், பழைய சரக்குன்னா அடியில தங்கிரும், அந்த மேல்தண்ணியைத்தான் கப்பல் பெயின்ட்டுன்னு அடிச்சுட்டுப் போறீங்க. கேக்க யாரு இருக்கா? இந்த மருந்துத் தடைக்கு சர்டிபிகேட் பாக்குறது 400 டன்னுக்கு மேல உள்ள கப்பல்ல, 24 மீட்டருக்குக் கீழ உள்ள நம்ம படகுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட வேணாம். அந்த ஓட்டைலதான் புரோக்கர் பொழைக்கிறான்.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு. தினமும் கரைக்கு இழுத்துப்போடுற ஃபைபர் வள்ளம்னா இந்த பெயின்ட்டே வேணாம். ஒட்டுன கொட்டலசுக் குஞ்சு வெயில்ல காஞ்சு செத்துரும், மேல அடிச்ச பெயின்ட்டும் இழுக்குறப்ப மணல்லயே உரிஞ்சுரும், காசை மணல்ல போட்ட மாதிரி. ரெண்டு மூணு நாள் தண்ணில கட்டிப்போட்டீங்களா, அப்பவும் வேணாம், கோணிச்சாக்கை வச்சு தேச்சா வந்துரும். "பக்கத்து வள்ளத்துக்கு அடிச்சிருக்காங்களே"ன்னா அடிச்சிட்டுப் போகட்டும். வாரக்கணக்குல நங்கூரத்துல கெடக்கிறதுக்குத்தான் இது.

உங்க படகு கெடக்கும்தான், அதனால பில்லோட, மருந்து பேரு போட்ட டின்னா வாங்குங்க, அடிவரைக்கும் கலக்கி அடிங்க. அதைவிட முக்கியம் பழசைச் சுரண்டுறது. அலை ஏறுற எடத்துல சுரண்டாதீங்க, அடியில தார்ப்பாய் விரிங்க, மூக்கைக் கட்டிக்கோங்க, செதில் செதிலா விழுறது அத்தனையும் பழைய மருந்துதான். மன்னார் வளைகுடாவுல உள்ள 21 தீவையும் 1986லயே கடல் பூங்கான்னு அறிவிச்சாச்சு, ஆனா தடைக்காலம் 61 நாளும் கரை பூரா சுரண்டுறாங்க, அந்தத் தூளைக் கொட்ட ஒரு தொட்டி நான் பாத்த எந்தக் கரையிலயும் இல்ல. தொட்டி வர்றவரைக்கும் தூளைச் சாக்குல கட்டி மழை படாத எடத்துல வைங்க, அடுப்புல மட்டும் போட்டுறாதீங்க.