வாசகர் கேள்வி–பதில்: பழைய அசெம்ப்ளியைப் புது சாலிட்வொர்க்ஸுக்கு மாற்றும்போது

எங்கள் பட்டறையின் பேக்கிங் மெஷின் ஃபைல்கள் சாலிட்வொர்க்ஸ் (3டி வடிவமைப்பு மென்பொருள்) 2012-ல் இருக்கின்றன. இப்போது 2024 வாங்கிவிட்டோம். எல்லா பார்ட்களையும் சேர்த்து வைத்திருக்கும் மெயின் அசெம்ப்ளியைத் திறந்து சேவ் செய்தால் போதும்தானே?
– வாசகர், கோவை

போதாது. அப்படிச் செய்தால் மெயின் அசெம்ப்ளி மட்டும் புதிதாகும். உள்ளே இருக்கும் பார்ட்கள் 2012-லேயே கிடக்கும். திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை மெமரியில் மாற்றப்படுவதால் நேரமும் விரயம். முதலில் பார்ட்கள், பிறகு சப் அசெம்ப்ளிகள், அதன்பின் மெயின் அசெம்ப்ளி, கடைசியில் டிராயிங்குகள் என்ற வரிசையில் மாற்றுங்கள். புரொஃபெஷனல் அல்லது பிரீமியம் லைசென்ஸ் இருந்தால் டாஸ்க் ஷெட்யூலரில் உள்ள 'கன்வர்ட் ஃபைல்ஸ்' வேலையை இரவில் ஓடவிட்டுப் போகலாம்.

திரும்பி வர வழி இல்லை என்பதை மறக்க வேண்டாம். 2024-ல் இருந்து முந்தைய இரண்டு வெளியீடுகளுக்கு மட்டுமே இறக்கி சேவ் செய்ய முடியும், 2012-க்கு முடியாது. எனவே 'பேக் அண்ட் கோ' மூலம் முழு நகல் எடுத்து, பழைய தொகுப்பைத் தொடாமல் பூட்டி வையுங்கள். அந்த விண்டோவில் 'இன்க்லூட் டூல்பாக்ஸ் காம்பொனென்ட்ஸ்' டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டூல்பாக்ஸ் என்பது போல்ட், வாஷர் போன்றவற்றின் தயார் நூலகம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

மாற்றுவதற்கு முன் பழைய கம்ப்யூட்டரிலேயே செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கன்ட்ரோல்+க்யூ அழுத்தி முழுதாக ரீபில்ட் செய்து, சிவப்பு காட்டும் மேட்களை (பார்ட்களை ஒன்றோடொன்று பொருத்தும் கட்டுப்பாடுகளை) அங்கேயே சரிசெய்வது. பழைய பிழையைப் புதிதில் கொண்டுபோய்விட்டால் எது மாற்றத்தால் வந்தது, எது முன்பே இருந்தது என்று பிரிக்கவே முடியாது. இரண்டாவது, மெஷினின் கிராங்கை (சுழலும் கையை) 0, 45, 90 என்று 360 டிகிரி வரை நிறுத்தி, ஸ்லைடர் (நேர்கோட்டில் நகரும் பகுதி) எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை மெஷர் செய்து எழுதி வைப்பது. புதிதில் அதே கோணங்களில் அதே எண்கள் வந்தால்தான் மாற்றம் முடிந்தது. கண்ணுக்குச் சரியாக ஓடுவதை நம்பாதீர்கள். ஒரு மேட்டின் திசை புரண்டிருந்தாலும் மெஷின் அழகாகத்தான் ஓடும்.

புதிதில் திறந்ததும் எம்8 போல்ட்கள் எல்லாம் கையளவுக்குப் பெருத்துவிட்டன. லிங்க்குகளின் மேட்களும் சிவப்பாகிவிட்டன. ஃபைல் கெட்டுவிட்டதா?
– வாசகர், ஓசூர்

கெடவில்லை, இன்னும் சேவ் செய்யாமல் இருந்தால் தப்பித்தீர்கள். உடனே சேவ் செய்யாமல் மூடுங்கள்.

டூல்பாக்ஸ் போல்ட் ஒவ்வொரு அளவுக்கும் தனி ஃபைலாக இருப்பதில்லை. வழக்கமான அமைப்பில் ஒரே பார்ட் ஃபைலுக்குள் அளவுகள் கான்ஃபிகரேஷன்களாகச் சேர்ந்துகொண்டே போகும். பழைய கம்ப்யூட்டரில் சேர்ந்த 'எம்8 × 30' புது கம்ப்யூட்டரின் டூல்பாக்ஸ் ஃபைலில் இருக்காது. கேட்ட அளவு கிடைக்காததால் அந்த ஃபைலில் இருக்கும் வேறொரு அளவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதையே சேவ் செய்தால் எந்த அளவு தேவைப்பட்டது என்ற தகவலும் போய்விடும்.

பழைய கம்ப்யூட்டரின் டூல்பாக்ஸ் ஃபோல்டரை நகலெடுத்து, புது வெளியீட்டை இன்ஸ்டால் செய்யும்போது அந்த நகலை அப்கிரேட் செய்யச் சொல்லுங்கள். பிறகு சிஸ்டம் ஆப்ஷன்ஸில் 'ஹோல் விஸார்டு / டூல்பாக்ஸ்' பக்கத்தில் அந்த ஃபோல்டரைக் காட்டி, டூல்பாக்ஸ் பார்ட்களை முதலில் அங்கேயே தேடு என்ற டிக்கையும் போட்டு, அசெம்ப்ளியைத் திறந்து பாருங்கள்.

மேட் ஏன் சிவந்தது? போல்ட்டையே பிவட் பின்னாக வைத்து, அதன் தலையின் அடிப்பக்கத்தில் வாஷரையும் லிங்க்கையும் ஒட்டியிருப்பீர்கள். போல்ட் பெருத்ததும் எல்லாம் இடம் மாறி ஒன்றோடொன்று மோதுகிறது. அசையும் லிங்க்கின் மேட்டை எப்போதும் துளைக்கும் துளைக்கும் போடுங்கள், அல்லது ரெஃபரன்ஸ் பிளேன், ஆக்சிஸுக்குப் போடுங்கள். போல்ட் வெறும் விருந்தாளியாக வந்து போகட்டும்.

ஃபோர்-பார் லிங்கேஜ் (நான்கு லிங்க்குகள் மூட்டுகளால் இணைந்த அமைப்பு) அனிமேஷனில் நன்றாக ஓடுகிறது. மோஷன் அனாலிசிஸில் போட்டால் ஒரு பேரிங்கில் விசை பூஜ்யம், இன்னொன்றில் மிக அதிகம். புது சால்வரில் (கணக்குப் போடும் பகுதியில்) பிழையா?
– வாசகர், அம்பத்தூர்

சால்வரைக் குறை சொல்ல முடியாது. அனிமேஷன் மேட்களை மட்டும் பார்க்கிறது, விசையைக் கணக்கிடுவதில்லை. மோஷன் அனாலிசிஸ் விசைக் கணக்குப் போடுவதால் உபரிக் கட்டுப்பாடுகள் (ஏற்கெனவே பூட்டிய அசைவை மீண்டும் பூட்டுபவை) அங்கேதான் அகப்படும்.

எண்ணிப் பாருங்கள். அசையும் லிங்க் 3. ஒவ்வொன்றுக்கும் 6 சுதந்திர நிலை (அசையக்கூடிய வழி), மொத்தம் 18. நான்கு மூட்டிலும் கான்சென்ட்ரிக் (அச்சோடு அச்சு), கோஇன்சிடென்ட் (முகத்தோடு முகம்) இரண்டும் போட்டிருப்பீர்கள். மூட்டுக்கு 5 நிலைகள் பூட்டப்படும் என்றால் 20. 18-ல் 20 போனால் –2. உண்மையில் லிங்கேஜுக்கு ஓர் அசைவு உண்டு. ஆக 3 கட்டுப்பாடுகள் உபரி. அந்த மூன்றையும் எங்கே விடுவது என்று சால்வர் தானே முடிவெடுக்கிறது. விட்ட இடத்தில் விசை பூஜ்யமாகிறது.

இரண்டு மூட்டை அப்படியே வைத்து, மூன்றாவதில் கான்சென்ட்ரிக் மட்டும் (4), நான்காவதில் புள்ளியோடு புள்ளி (3) என்று மாற்றுங்கள். 5+5+4+3 = 17; மீதி 1, அதை மோட்டார் எடுத்துக்கொள்ளும். மெயின் அசெம்ப்ளியைக் கலைக்க வேண்டாம். பழைய மேட்களை மோஷன் ஸ்டடிக்குள் மட்டும் சப்ரெஸ் செய்துவிட்டு லோக்கல் மேட்களாகப் போடலாம். ஓடவிட்டபின் மேட்ஸ் மீது ரைட் கிளிக் செய்து 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' பார்த்தால் உபரி எண்ணிக்கை தெரியும்.

உபரி மேட்களை புஷ்ஷாக (சற்றே நெகிழும் இணைப்பாக) மாற்றும் ஆப்ஷனும் ஸ்டடி பிராபர்ட்டிஸில் உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்த விசை, புஷ்ஷுக்குக் கொடுத்த விறைப்பைப் பொறுத்தது. அதை வைத்து பேரிங் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஜெனீவா மெக்கானிசத்தில் (தொடர் சுழற்சியை விட்டுவிட்டு நகரும் சுழற்சியாக்கும் அமைப்பில்) பின், ஸ்லாட்டின் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது.
– வாசகர், திருச்சி

ஃப்ரேம் போதாததே காரணமாக இருக்கலாம். கிராங்க் 100 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 600 டிகிரி. ஸ்டடியை நொடிக்கு 25 ஃப்ரேமில் ஓடவிட்டால் ஒரு ஃப்ரேமுக்கு 24 டிகிரி. நான்கு ஸ்லாட் ஜெனீவாவில் பின் ஸ்லாட்டுக்குள் இருப்பதே ஒரு சுற்றில் 90 டிகிரிதான். நாலு ஃப்ரேம்கூடத் தேறாது. 200 ஃப்ரேமாக்கினால் 3 டிகிரி. 'யூஸ் பிரிசைஸ் கான்டாக்ட்' டிக் செய்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அதிகபட்ச ஸ்டெப்பையும் குறையுங்கள். அதற்குப் பிறகும் முட்டினால் வரைபடத்தைப் பாருங்கள். மையங்களுக்கு இடையே 100 மி.மீ. என்றால் கிராங்க் ஆரம் 70.71 மி.மீ. இருக்க வேண்டும். 70 என்று முழுமையாக்கியிருந்தால் பின் நேராக நுழையாது.

ப்ரோ-இ (இப்போது கிரியோ என்று பெயர் மாறிய இன்னொரு கேட் மென்பொருள்) அசெம்ப்ளியை ஸ்டெப் ஃபைலாக (மென்பொருள்களுக்கு இடையே பரிமாறும் பொது வடிவில்) எடுத்தால் பின், ஸ்லைடர் கனெக்‌ஷன்கள் வருமா?
– வாசகர், சேலம்

வராது. உருவமும் நின்ற இடமும் மட்டுமே வரும். ஸ்டெப்பின் ஏபி242 தரத்தில் இயக்கத் தகவலுக்கு இடம் உண்டு. அதை எழுதிப் படிக்கும் கேட் மென்பொருள்கள் மிகக் குறைவு. சாலிட்வொர்க்ஸின் 3டி இன்டர்கனெக்ட் மூலம் ப்ரோ-இ ஃபைலை நேராகத் திறந்தாலும் இதே நிலைதான். ப்ரோ-இயில் கனெக்‌ஷன் வகை, ஆக்சிஸ், எல்லைக் கோணம், சர்வோ மோட்டார் சூத்திரம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு மேட்களைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறக்கிய ஸ்டெப்பைப் பிறகு புது ஸ்டெப்பால் மாற்றினால் ஃபேஸ் அடையாளங்கள் மாறி மேட்கள் அறுந்துவிடும். அதனால் ஒவ்வொரு பார்ட்டிலும் ஆக்சிஸும் பிளேனும் தனியாக வரைந்து அவற்றுக்கே மேட் போட்டு வையுங்கள்.