பலகையில் 24 அட்டைகள்

மென்பொருள் குழுக்களின் வேலைமுறை பற்றி வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், ஒரு லீட். தினமும் ஸ்டாண்ட்-அப் (நின்றபடி சிறு கூட்டம்), இரண்டு வார ஸ்பிரிண்ட் (வேலைச் சுற்று) எல்லாம் உண்டு. ஆனால் கடைக்காரர் ஒரு சின்ன மாற்றம் கேட்டால் அவர் கைக்குப் போக ஒன்றரை மாதம் ஆகிறது. எல்லோரும் இரவு எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறோம். எங்கே தவறு?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: உழைப்பில் குறையில்லை. கையில் எடுத்து முடிக்காமல் விட்ட வேலைகள்தான் சிக்கல். முதலில் அவற்றை எண்ணுங்கள். யாராவது தொடங்கி, இன்னும் கடைக்குப் போய்ச் சேராத ஒவ்வொன்றும் கணக்கில் வரும். ‘கோடு (நிரல்) எழுதியாச்சு, டெஸ்டிங் மட்டும் பாக்கி’ என்பதும், ‘கடைக்காரரிடம் ஒரு சந்தேகம் கேட்டிருக்கோம்’ என்று நிற்பதும்கூட. கேட்ட மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு டிக்கெட். அப்படி 24 டிக்கெட் இருந்து, வாரத்துக்கு 4 முடிகிறது என்று வையுங்கள். 24-ஐ 4-ஆல் வகுத்தால் 6 வாரம். உங்கள் ஒன்றரை மாதம் இதுதான். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசைக் கணக்கு இது. காட்பாடி ஸ்டேஷன் டிக்கெட் வரிசைக்கும் இதே கணக்குதான்.

ஆகவே வேகத்தைக் கூட்டப் பார்க்காமல் 24-ஐக் குறையுங்கள். சுவரில் ஒரு பலகை, டிக்கெட்டுக்கு ஓர் அட்டை, ஐந்து பத்திகள்: எடுக்கப்போவது, எழுதுவது, ரிவியூ (எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது), டெஸ்டிங், கடைக்குப் போனது. எழுதுவதில் 4 அட்டை, ரிவியூவில் 2, டெஸ்டிங்கில் 2. இதற்கு மேல் எந்தப் பத்தியிலும் ஒட்டக் கூடாது. மொத்தம் 8. வாரம் 4 முடிந்தால் சராசரி இரண்டே வாரம். இருக்கும் 24 இந்த 8-க்கு இறங்கும்வரை புதிதாக எதையும் தொடாதீர்கள். பலகையின் வலது ஓரத்திலிருந்து, முடிவுக்கு மிக அருகில் நிற்பதை முதலில் முடியுங்கள். இதற்கே நான்கு வாரம் பிடிக்கும். அதை வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தொடங்கும் குழுக்கள் இரண்டாவது வாரமே பழைய வழிக்குத் திரும்பிவிடுகின்றன. பழைய டிக்கெட்டுகளில் சிலவற்றை இப்போது யாருக்கும் வேண்டியிருக்காது. கடைக்காரரிடம் கேட்டு அவற்றைக் கழித்துவிடுங்கள்.

மூன்று இடங்களில் இது உடையும். முதலாவது, டெஸ்டிங் பத்தி. இருப்பவர் ஒரே டெஸ்டர். இரண்டு அட்டை நிரம்பியதும் எழுதி முடித்த டெவலப்பர் அடுத்த டிக்கெட்டைத் திறக்கத் துடிப்பார். விடாதீர்கள். அவர் இன்னொருவர் எழுதியதைச் சோதிக்கட்டும், அல்லது ஜி.எஸ்.டி. கணக்கு, ரவுண்டிங் போன்ற திரும்பத் திரும்ப வரும் சோதனைகளைத் தானியங்கியாக எழுதட்டும். ‘அது என் வேலையா?’ என்ற கேள்வி வரும். லீட் முதலில் தானே உட்கார்ந்து சோதித்துக் காட்டினால் அந்தக் கேள்வி சீக்கிரம் ஓயும். இரண்டாவது, ‘பிளாக்ட்’ என்றொரு தனிப் பத்தி முளைக்கும். அளவுக்கு மிஞ்சியதெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். தடைப்பட்ட அட்டை தன் பத்தியிலேயே சிவப்பு ஒட்டுடன் நிற்கட்டும், எண்ணிக்கையிலும் இருக்கட்டும். அது இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால்தான் யாராவது போனை எடுத்துக் கடைக்காரரைக் கேட்பார்கள். மூன்றாவது, அவசரம். அவசர வேலைக்கு ஒரே ஓர் இடம் வையுங்கள். அது காலியானால்தான் அடுத்த அவசரம்.

அட்டையை எழுத எடுக்கும் அன்றே அதன் மூலையில் தேதி போடுங்கள். ஸ்டாண்ட்-அப்பில் ‘நேற்று என்ன செய்தீர்கள்’ என்று ஆள் ஆளாகக் கேட்க வேண்டாம். வலமிருந்து இடமாக அட்டைகளைப் படியுங்கள். பத்து நாள் தாண்டியதைப் பற்றி முதலில் பேசுங்கள். எட்டு அட்டைக்குப் பதினைந்து நிமிடம் தாராளம்.

கேள்வி: ஷூ கம்பெனி ஒன்றின் ஐ.டி. பிரிவில் இருக்கிறேன். எங்கள் தொழிற்கூடத்தில் லீன் நடைமுறை (வீணாவதைக் குறைக்கும் முறை) உண்டு. டொயோட்டாவில் கார் செய்ய வந்த முறை கோடு எழுத எப்படிப் பொருந்தும்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: கட்டிங் முந்திக்கொண்டு ஓட, ஸ்டிச்சிங் பின்தங்கினால் வெட்டிய துண்டுகள் குவியும். அந்தப் பக்கம் போகும் யார் கண்ணிலும் படும். மென்பொருளில் குவியல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று வாரமாக மெர்ஜ் ஆகாத பிராஞ்ச், அதாவது பொதுக் கோடுடன் இன்னும் சேர்க்காத தனிப் பிரதி, அந்தக் குவியலேதான். டை (வெட்டும் அச்சு) அளவு பிசகியிருந்தால் குவிந்தது அத்தனையும் வீண். தவறான ஊகத்தில் எழுதிய கோடும் அப்படியே. எனவே தினம் ஒருமுறையாவது மெர்ஜ் செய்யுங்கள், பிராஞ்சுக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆயுள் வேண்டாம். 200 வரி மாற்றத்தை ஒருவர் உட்கார்ந்து படிப்பார். 2,000 வரியை ‘பார்த்தாச்சு’ என்று தள்ளிவிடுவார், பக் (பிழை) உள்ளே போய்விடும்.

டொயோட்டாவில் அந்த முறையை உருவாக்கிய பொறியாளர் டாய்ச்சி ஓனோ வற்புறுத்திய இன்னொன்று, பழுது தெரிந்ததும் லைனையே நிறுத்துவது. பில்ட் (எல்லோர் கோடையும் சேர்த்து ஓடும் மென்பொருளாக்குவது) உடைந்தால் நீங்களும் அப்படி நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டு, பிறகு நிதானமாகக் காரணம் தேடலாம்.

பொருந்தாததும் உண்டு. லைனில் ஒரே ஷூ ஆயிரம் முறை வரும். டிக்கெட் ஒவ்வொன்றும் புதியது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் சீராக இராது. அதனால் ஸ்டாப்வாட்ச் வேண்டாம், ஆட்களை நூறு சதவீதம் நிரப்பவும் வேண்டாம். வேலை ஒழுங்கின்றி வந்து ஒருவரிடம் சேரும் எளிய வரிசைக் கணக்கில், அவர் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் ஒரு வேலை, அதைச் செய்ய ஆகும் நேரத்தைப்போல் 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95-இல் 19 மடங்கு. சும்மா இருப்பதுபோல் தெரியும் அந்த ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வரிசையைக் காப்பாற்றுகிறது.

கேள்வி: எங்கள் மேலாளர் இரண்டு குழுக்களின் ஸ்டோரி பாயிண்டை (வேலையின் அளவுக்குக் குழுவே போடும் மதிப்பு) ஒப்பிட்டு ‘அவர்கள் 40, நீங்கள் 25’ என்கிறார். சரியா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சரியில்லை. ஒரு குழுவின் பாயிண்ட் அந்தக் குழுவுக்கு மட்டுமே உரிய அளவு. முழம் போடும் கைகள் இரண்டும் வேறு என்றால் பூச்சரத்தை ஒப்பிட முடியுமா? கேட்டுக்கொண்டே இருந்தால் 3 என்று மதிப்பிட்டது 5 ஆகும். எண் 40-ஐத் தொடும், வேலை அதே அளவுதான் முடியும். ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் முறைக்கு ஸ்க்ரம் என்று பெயர்; 2020-இல் வெளியான ஸ்க்ரம் வழிகாட்டியில் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே கிடையாது. பாயிண்டின் உபயோகம் உங்கள் அடுத்த ஸ்பிரிண்டுக்கு மட்டும்: கடந்த மூன்றில் 21, 26, 18 முடித்திருந்தால், 20 அளவுக்கு எடுங்கள், 26-ஐக் குறிவைக்காதீர்கள். மேலாளருக்கு ஓர் எண் வேண்டும் என்றால், கேட்ட நாளிலிருந்து கைக்குப் போன நாள்வரை எத்தனை நாள் என்பதைக் கொடுங்கள்.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு. நால்வர் சேர்ந்து லுங்கிக் கடை ஒன்றுக்கு ஸ்டாக் ஆப் செய்கிறோம். ஸ்க்ரம் தேவையா?
– மாணவர், குடியாத்தம்

பதில்: ஸ்க்ரம் மாஸ்டர் போன்ற பதவிப் பெயர்கள் எதுவும் வேண்டாம். லாகின் ஒருவர், டேட்டாபேஸ் ஒருவர், ஸ்க்ரீன் ஒருவர், ரிப்போர்ட் ஒருவர் என்று பிரித்துக்கொண்டிருப்பீர்கள். கடைசி வாரம் நான்கையும் இணைக்கும்போது ஒன்றும் ஓடாது. மாற்றிச் செய்யுங்கள். முதல் வாரம் நால்வரும் சேர்ந்து ஒரே விஷயம்: ஒரு லுங்கி வகையைச் சேர்த்தால் அது பட்டியலில் தெரிய வேண்டும், போனில் ஓட வேண்டும். சனிக்கிழமை கடைக்கு எடுத்துப்போய்க் கடைக்காரர் கையில் கொடுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள்; அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வார வேலை அந்தக் குறிப்பிலிருந்து வரும். லாகின் நான்காவது வாரம் போதும்.