லாசாவில் இறங்கிய மூன்றாம் நாளே ரோங்புக்கா?

உங்கள் திபெத் பயணத் திட்டத்தில் இரண்டாம் நாள் யம்ட்ரோக் ஏரி, மூன்றாம் நாள் எவரெஸ்ட் அடிவாரத்து ரோங்புக்கில் தங்கல் என்று போட்டிருக்கிறீர்கள். விமானத்தில் நேரே லாசா போகிறவருக்கு இது ஆகாது, உயரத்துக்கு உடம்பு பழக நாள் வேண்டும். லாசாவே 3,650 மீட்டர், ரோங்புக் சுமார் 5,000. லாசாவில் மூன்று இரவு, ஷிகாட்சேயில் (3,840) ஒன்று, அப்புறம் மேலே போங்கள்.

யம்ட்ரோக் போகும் வழியில் கம்பா லா கணவாயில் ஏரியின் நீலத்தைப் பார்த்ததும் கேமராவோடு ஓடத் தோன்றும். அங்கே 4,700க்கு மேல். நாலடி ஓடினாலே மூச்சு வாங்கும், நடந்தே போங்கள்.

உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான அசிட்டசோலமைடு 125 மி.கி., காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து என்பது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். தலைவலியோடு நடை தள்ளாடினால் ஆக்சிஜன் டப்பாவை நம்பித் தூங்கிவிட வேண்டாம். அன்றிரவே கீழே இறங்கிவிடுங்கள்.