அதிவேக ரேடியோ வெடிப்புகளுக்கு மற்ற அலைநீளங்களில் சுவடு உண்டா? – கேள்வி பதில்

பள்ளி ஆசிரியர் ஒருவர்: சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும் வெடிப்பை எக்ஸ் கதிரிலும் ஒளியிலும் ஏன் தேட வேண்டும்? ரேடியோ மட்டும் போதாதா?

போதாது. அதிவேக ரேடியோ வெடிப்பு என்பது விண்வெளியிலிருந்து வந்து சில மில்லி நொடிகளில் மறைந்துவிடும் ரேடியோத் துடிப்பு. 2001-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த தரவுகளில் வானியலாளர் லோரிமரும் அவருடைய மாணவர் நர்கேவிக்கும் முதல் வெடிப்பைக் கண்டெடுத்து 2007-இல் அறிவித்தார்கள். அன்றிலிருந்து ரேடியோ அலைகள் நமக்குத் திசையையும், ஏறத்தாழத் தூரத்தையும், வெடிப்பைச் சூழ்ந்த காந்தப்புலத்தின் சாயலையும் சொல்லி வந்திருக்கின்றன. ஆனால் வெடித்தது எது என்பதை அவை நேரடியாகச் சொல்வதில்லை. மூலப்பொருள் வெளியிடும் மொத்த ஆற்றலில் ரேடியோ மிகச் சிறிய பங்காக இருக்கக்கூடும் என்பதால், பெரும்பங்கு எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும்.

இயற்பியல் முதுகலை மாணவி: அப்படி உறுதியாகக் கிடைத்த சுவடு ஒன்றாவது உண்டா ஐயா?

ஐயத்துக்கு இடமின்றி என்றால், ஒன்றைச் சொல்வேன். 2020 ஏப்ரல் 28 அன்று, நம் பால்வீதியிலேயே ஏறத்தாழ 30,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எஸ்.ஜி.ஆர் 1935+2154 என்னும் மேக்னட்டாரிலிருந்து (மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீனிலிருந்து) ஒரு ரேடியோ வெடிப்பு வந்தது. கனடாவின் சைம் ரேடியோ தொலைநோக்கிக்கு அது பார்வையின் ஓரத்தில்தான் விழுந்தது. ஆனாலும் ஏறத்தாழ 29 மில்லி நொடி இடைவெளியில் இரண்டு துடிப்புகள் தெளிவாகப் பதிவாயின. இன்சைட்-எச்.எக்ஸ்.எம்.டி, இன்டெக்ரல், கோனஸ்-விண்ட், அஜைல் ஆகிய நான்கு விண்கருவிகளும் அதே வேளையில் எக்ஸ் கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தன. ரேடியோ வந்துசேர்வதில் ஏற்பட்ட தாமதத்தைக் கழித்துப் பார்த்தால், எக்ஸ் கதிர் முகடுகள் ரேடியோத் துடிப்புகளோடு சில மில்லி நொடிகளுக்குள் பொருந்தின. எக்ஸ் கதிரில் வெளிப்பட்ட ஆற்றல் ரேடியோவில் வெளிப்பட்டதைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது மறுபக்கம். அதே மேக்னட்டார் அந்த நாள்களில் வெளியிட்ட வேறு 29 எக்ஸ் கதிர் வெடிப்புகளின்போது சீனாவின் ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தும் ரேடியோவில் எதுவும் தென்படவில்லை. எக்ஸ் கதிர் வெடிப்புகளில் மிகச் சிலவே ரேடியோவைக் கூட்டி வருகின்றன என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

மென்பொருள் பொறியாளர்: அப்படியானால் மற்ற விண்மீன் மண்டலங்களின் வெடிப்புகளில் எக்ஸ் கதிர் ஏன் கிடைக்கவில்லை?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16.35 நாளுக்கு ஒருமுறை சுறுசுறுப்படையும் 20180916பி என்னும் வெடிப்பு மூலம் ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 2020-இல் நாம் கண்ட எக்ஸ் கதிர் வெடிப்பை அங்கே கொண்டுபோய் வைத்தால், தூரம் ஏறத்தாழ 16,700 மடங்காகும். பிரகாசமோ அதன் வர்க்கமாக, ஏறத்தாழ 28 கோடி மடங்கு குறைந்துவிடும். சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி போன்ற கருவிக்குக்கூட ஒரு போட்டான் (ஒளித்துகள்) கிடைப்பது அரிது. ஆகவே "எக்ஸ் கதிர் இல்லை" என்று தலைப்பிட்ட செய்தியைக் கண்டால் முதலில் தூரத்தைக் கேளுங்கள். எம்81 விண்மீன் மண்டலத்தின் கோளக் கொத்து (முதிய விண்மீன்களின் உருண்டைத் திரள்) ஒன்றில், ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டில் உள்ள 20200120இ போன்ற அண்டை மூலங்களில் எதுவும் தென்படாததற்குத்தான் உண்மையான எடை உண்டு.

வானியல் ஆர்வலர்: வெடிப்பு முடிந்த பிறகு தொலைநோக்கியைத் திருப்பினால் பயன் உண்டா?

இங்கே இயற்கை ஒரு சலுகை தருகிறது, ஆனால் அது தலைகீழான சலுகை. வெடிப்புக்கும் நமக்கும் இடையிலுள்ள வெளியில் இருக்கும் எலெக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலைகளைத் தாமதப்படுத்துகின்றன. பிரிகை அளவு (வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் மொத்தக் கணக்கு) 500 உள்ள வெடிப்பு 400 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 13 நொடி பின்தங்கி வரும். எனவே நாம் ரேடியோவில் காணும்போது, ஒளிமின்னல் இருந்திருந்தால் அது ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். முன்கூட்டியே ஒரே திசையில் இரண்டு கருவிகளையும் வைத்திருப்பதே வழி. தென்னாப்பிரிக்காவில் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி பார்க்கும் இடத்தையே மீர்லிச்ட் என்னும் 65 செ.மீ. ஒளித் தொலைநோக்கி பின்தொடர்வது இதற்காகத்தான். அப்போதும் 60 நொடி திறந்திருக்கும் படத்தில் ஒரு மில்லி நொடி மின்னல், அதைப்போல் 60,000 மடங்கு நேரம் சேர்ந்த வானொளியோடு போட்டியிட வேண்டும்.

அதே மாணவி: 2016-இல் ஒரு வெடிப்பின் பின்னொளி, அதாவது வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளி, கிடைத்ததாகப் படித்தேனே?

2015 ஏப்ரல் 18 வெடிப்பைச் சொல்கிறீர்கள். அந்தத் திசையில் சில நாள்களில் மங்கிய ஒரு ரேடியோ மூலத்தைக் கண்டு அதுவே பின்னொளி என்றார்கள். பிறகு பார்த்தபோது அது மீண்டும் பிரகாசமடைந்திருந்தது. அந்தத் திசையிலுள்ள விண்மீன் மண்டலம் ஒன்றின் மையக் கருந்துளையின் வழக்கமான ஏற்ற இறக்கம் என்பதே பலரும் ஏற்ற விளக்கம். அந்த வெடிப்பைப் பிடித்த பார்க்ஸ் வானில் ஒரு நேரத்தில் பார்க்கும் ஒரு கற்றை முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி அகலம் கொண்டது. அத்தனை பரப்பில் தேடினால் மாறும் மூலம் ஏதேனும் அகப்படத்தான் செய்யும்.

மற்றொருவர்: ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எதையாவது கண்டதா?

2025 மார்ச் 16 அன்று என்.ஜி.சி 4141 மண்டலத்தில், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டில் நிகழ்ந்த வெடிப்பின் இடத்தை, சைமின் துணை நிலையங்கள் ஏறத்தாழ 45 ஒளியாண்டு அளவுக்குள் குறித்துக் கொடுத்தன. அங்கே வெப் ஒரு மங்கலான அகச்சிவப்பு மூலத்தைக் கண்டது. அது செம்பெரு விண்மீனாக இருக்கலாம்; வெடிப்போடு தொடர்பில்லாமலும் இருக்கலாம்.

பள்ளி ஆசிரியர்: எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிகமில்லை. ஆனால் 2020 வெடிப்பை சைமோடு சேர்ந்து பிடித்த ஸ்டேர்2 என்னும் சிறிய ரேடியோ கருவியின் உணர்கொம்பு, கேக் வார்க்கும் தகரத் தட்டுகளையும் உலோகக் குழாயையும் கொண்டு செய்யப்பட்டது. தூரத்து வெடிப்பு எதையும் அதனால் கேட்க முடியாது. பால்வீதிக்குள், அது பார்க்கும் வானில் பலமாக நடந்தால் பிடிக்க முடியும்.