பில் வரவில்லை, அபராதம் மட்டும் வந்தது

கேள்வி: நான்கு மாதம் முன்பு வீடு மாறினோம். தபால் நிலையத்தில் புது விலாசம் எழுதிக் கொடுத்தேன், வங்கியில் சேமிப்புக் கணக்குக்கும் மாற்றிவிட்டேன். ஆனால் கிரெடிட் கார்டு பில் மட்டும் பழைய வீட்டுக்கே போயிருக்கிறது. மூன்று பில் தவறி, இப்போது தாமதக் கட்டணம், வட்டி என்று ஏறிக்கொண்டே போகிறது. பில்லே கைக்கு வராதபோது அபராதம் மட்டும் எப்படிக் கேட்கலாம்? நான் கட்ட வேண்டுமா?

பதில்: கட்டத்தான் வேண்டும். கோபம் புரிகிறது, ஆனால் கார்டைத் தேய்த்த அன்றே கடன் உங்கள் பெயரில் ஏறிவிட்டது, பில் அதை நினைவுபடுத்த வரும் தாள், அவ்வளவுதான். கார்டு வாங்கும்போது நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் (யார் படிக்கிறார்கள், நானும் படித்ததில்லை) விலாசம் மாறினால் சொல்வது வாடிக்கையாளர் பொறுப்பு, பதிவில் இருக்கும் விலாசத்துக்கு அனுப்பினாலே போதும் என்று பொதுவாக எழுதியிருக்கும். தபால் நிலையம் கடிதத்தைத் திருப்பி விடுவதெல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான், அங்கே எழுதிக் கொடுத்ததால் வங்கியின் பதிவும் மாறாது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு இடம் இருக்கிறது. பல வங்கிகளில் சேமிப்புக் கணக்கும் கார்டும் தனித்தனிப் பதிவு, ஒன்றில் மாற்றினால் இன்னொன்றில் மாறாது. நீங்கள் கொடுத்த படிவத்தின் நகலைத் தேடி எடுங்கள். அதில் எல்லாக் கணக்குகளுக்கும் என்று இருந்தாலோ, கார்டு எண்ணை எழுதியிருந்தாலோ தவறு வங்கியுடையது, அபராதம் முழுவதையும் நீக்கச் சொல்லி எழுத்திலேயே கேட்கலாம். கார்டைப் பற்றி எதுவும் இல்லையென்றால், வாதாடுவதை விடப் பேசிப் பார்ப்பதுதான் பலன் தரும்.

எதுவானாலும் முதலில் பணத்தைக் கட்டுங்கள். தகராறு தீரட்டும் என்று காத்திருந்தால் வட்டி உங்களுக்காகக் காத்திருக்காது. மினிமம் டியூவோடு (பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை) நிறுத்தினால் தாமதக் கட்டணம் மேலும் விழாது, ஆனால் மிச்சத்துக்கு வட்டி ஓடும், அதோடு வட்டியில்லாத காலமும் போய்விடுவதால் புதிதாக வாங்குவதற்கும் அன்றிலிருந்தே வட்டி போடும் கார்டுகள் பல உண்டு. முழுவதும் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் சின்னதாக ஒரு வட்டி வரும், பயப்பட வேண்டாம், பில் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. சின்னத் தொகைதானே என்று விட்டால் மறுபடி தாமதக் கட்டணம் விழும்.

அப்புறம் கஸ்டமர் கேருக்குப் போன் செய்யுங்கள். சண்டைக் குரலில் வேண்டாம். இத்தனை வருடமாக ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன், வீடு மாறியதில் நடந்தது, முழுத் தொகையும் கட்டிவிட்டேன், தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேளுங்கள். ஒன்றையாவது நீக்குவார்கள் என்பது என் எண்ணம், வட்டியில் இறங்கி வருவது கஷ்டம். முதலில் பேசுபவர் முடியாது என்றால் மேலதிகாரியிடம் கேளுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்பிய பில்கள் வங்கிக்கே திரும்பி வந்தனவா என்றும் கேட்டுவிடுங்கள். வந்திருந்தால், விலாசம் தவறு என்று தெரிந்தும் போனிலோ மின்னஞ்சலிலோ ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. மூன்று மாதத் தாமதம் கிரெடிட் ஸ்கோரில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) ஏறியிருக்க வாய்ப்பு அதிகம், தவறு வங்கியுடையது என்று முடிவானால் அந்தப் பதிவையும் திருத்தச் சொல்லுங்கள். கட்டணத்தை விட அதுதான் நாள்பட வலிக்கும்.

பில்கள் திரும்பி வரவில்லை என்றால் பழைய வீட்டில் யாரிடமோ இருக்கின்றன. உங்கள் பெயரும் செலவு விவரமும் அதில் இருக்கும். போய் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று பில்லையும் வரி வரியாகப் பாருங்கள். நீங்கள் செய்யாத செலவு எதுவும் இருந்தால் புகார் செய்யக் கெடு உண்டு, அது பெரும்பாலும் பில் தேதியிலிருந்து எண்ணப்படும், நீங்கள் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து அல்ல.